ஓடும் நீரில் யாருக்கு உரிமை?

ஓடும் ஆற்று நீர் எவருக்கும் சொந்தமன்று என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய கொள்கை. ஆயினும் அந்நீரின்மேல் துடுப்புப் படகில் செல்லும் உரிமை அந்நாட்டின் பெரும்பாலான ஆறுகளில் இன்றும் தீராத தகராறாகவே உள்ளது.

கடலின் ஏற்றவற்றம் எட்டும் கீழ்ப்பகுதிகளில் படகோட்டும் உரிமை பொதுவாக அனைவருக்கும் உண்டு. அதற்கு மேற்பட்ட பகுதிகளில், கரையில் நிலம் வைத்திருப்பவருக்கே ஆற்றின் படுகையும் உரியது என்றும், எதிரெதிர்க் கரைகள் வெவ்வேறு உடைமையாளருக்கு உரியனவாயின் படுகையின் நடுக்கோடே எல்லை என்றும் சட்டம் கொள்கிறது. ஆகவே நாடாளுமன்றச் சட்டமோ தொன்றுதொட்ட வழக்கோ இடந்தராத இடத்தில், துடுப்பு தரையைத் தொடாமல் மிதந்து செல்பவர்கூட அத்துமீறியவராகக் கருதப்படலாம். வை ஆற்றில் ஹே நகருக்குக் கீழே படகோட்டுவது உறுதியான உரிமை; அதே ஆற்றில் நகருக்கு மேலேயோ அந்த உறுதி இல்லை. இருபது ஆண்டுகள் தடையின்றி நடந்தால் பாதை பொதுவழியாகும் என்னும் சட்டவிதி ஆற்றுக்குப் பொருந்தாது என, யார்க்‌ஷயரின் டெர்வென்ட் ஆறு பற்றிய வழக்கில் 1991-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஸ்காட்லாந்து வேறு வழியில் சென்றது. ஸ்பே ஆற்றில் படகுப் பயிற்சிப் பள்ளி ஒன்றை எதிர்த்து, சால்மன் மீன்பிடி உரிமை பெற்றிருந்த கரை உடைமையாளர்கள் தொடுத்த வழக்கில், முற்காலத்தில் காட்டு மரங்கள் அவ்வாற்றில் மிதக்கவிடப்பட்டுக் கடல்வரை கொண்டுசெல்லப்பட்டதால் அது பொது நீர்வழியே என்றும், பயன்பாடு நின்றுபோனதால் மட்டும் அவ்வுரிமை அழிந்துவிடாது என்றும் 1976-இல் முடிவாயிற்று. பின்னர் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், வழக்காடித் தொன்மையை மெய்ப்பிக்க வேண்டிய தேவையையே நீக்கி, பொறுப்புடன் நடந்துகொள்வோர் அனைவருக்கும் உள்நாட்டு நீர்நிலைகளில் செல்லும் உரிமையை வழங்கியது. விசைப்படகுகளுக்கு இவ்வுரிமை இல்லை.

மீன்பிடிக்கப் பணம் செலுத்துவோரின் கவலையும், சால்மன் முட்டையிடும் கூழாங்கல் படுகைகளைக் காக்கும் தேவையும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆனால் பருவம், நீர்மட்டம், நடத்தை ஆகியவற்றுக்கான விதிகளால் அவற்றைக் காக்க முடியும். அதற்காக ஆற்றையே அடைத்துவைக்க வேண்டியதில்லை. கரையின் உடைமை கரையோடு நிற்க வேண்டும். ஆற்றுவழி அனைவருக்கும் உரியதாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து வகுத்த இந்நெறியை இங்கிலாந்தும் வேல்ஸும் சட்டமாக்குவதே நியாயம்.