மரமும் மன்றமும்

இங்கிலாந்தில் ஒருவர் வீடு ஒன்றை விலைக்கு வாங்குகிறார் என்று கொள்வோம். வீட்டின் பின்புறத்தே முதிர்ந்த ஓக் மரம் ஒன்று நிற்கிறது. நிலம் அவருடையது, மரமும் அவருடையதே. உதிரும் சருகைப் பெருக்குபவரும், பட்ட கிளையை நீக்கக் கூலி கொடுப்பவரும் அவரே. ஆயினும் அவர் கோடரியுடன் அம்மரத்தை அணுகும்போது உள்ளூராட்சி மன்றம் குறுக்கிடுதல் கூடும். தம் பொருளின்மீது தமக்கே தடையா என்று அவர் வியப்பதில் தவறில்லை.

மரம் ஒருவர் நிலத்தில் நிற்பினும் அதன் நிழலையும் அழகையும் துய்ப்போர் பலர். இக்கருத்தையொட்டி, 1947-ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம் மரக்காப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை மன்றங்களுக்கு வழங்கியது. இன்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் 2012-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. ஆணைக்கு உட்பட்ட மரத்தை வெட்டுதல் மட்டுமன்று, கிளை கழித்தலும், வேரை அறுத்தலும் இசைவின்றிச் செய்யத்தகாதன. இசைவு வேண்டி விண்ணப்பிப்பதற்குக் கட்டணம் இல்லை. மன்றம் எட்டு வாரங்களுக்குள் முடிவு கூறுதல் வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு.

பழஞ்சிறப்புக் கருதிக் காக்கப்பெறும் வட்டாரங்களில் ஆணை பெறாத மரங்களுக்கும் ஒருவகைக் காப்பு உண்டு. தரையினின்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுடைய மரத்தை வெட்டக் கருதுவோர் ஆறு வாரங்களுக்கு முன்பே அறிவித்தல் வேண்டும். மரம் காக்கத்தக்கதாயின் மன்றம் அதற்குள் ஆணை பிறப்பிக்கும். வாளாவிருப்பின் மரத்தை வெட்டலாம்.

உரிமையாளரின் மனக்குறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆணையிட்ட மன்றம் மரத்தைப் பேணும் செலவை ஏற்பதில்லை. இசைவு மறுக்கப்பட்டதனால் 500 பவுனுக்குக் குறையாத இழப்பு நேரின் ஈடு கேட்கலாம். ஆனால், மரத்தை அகற்றி அங்கே வீடு கட்டி மனையின் மதிப்பை உயர்த்தும் வாய்ப்புப் போயிற்றே என்பார்க்கு ஈடு கிடையாது. பேராசையால் மரம் வீழ்தலைத் தடுக்க இக்கடுமை வேண்டியதே. இசைவின்றி மரத்தை அழித்தவனுக்கு விதிக்கும் தண்டத்திற்கு உச்சவரம்பு இல்லை. அவன் அச்செயலால் அடைந்த, அல்லது அடையவிருந்த ஊதியத்தையும் நீதிமன்றம் கணக்கிற் கொள்ளும்.

பட்டுப்போன மரத்திற்கு இசைவு வேண்டுவதில்லை. ஐந்து வேலை நாள்களுக்கு முன் அறிவித்தால் போதும். சாயும் நிலையிலுள்ள மரத்தினால் உடனடித் தீங்கு நேருமாயின் அதற்கும் காத்திருக்க வேண்டா. தீங்கை நீக்க இன்றியமையாத அளவு வெட்டிவிட்டு, பின் மன்றத்திற்கு விரைவில் தெரிவித்தல் வேண்டும்.

ஆணைக்கு உட்பட்ட மரத்தை ஒருவன் முறையின்றி அழித்தால், அதே இடத்தில் தக்கதொரு மரத்தை நடுவதும் அந்நில உரிமையாளரின் கடமையாகும். வீழ்ந்த மரத்திற்குரிய ஆணை அழிவதில்லை. புதிதாக நட்ட இளமரத்தை அது அன்றே பற்றிக்கொள்கிறது.