சோதனையில் ஒன்றுமில்லை, வயிற்றில் நோவு உண்டு

"எண்டொஸ்கொபியும் செய்தாயிற்று, ஒன்றுமில்லையாம்" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவோரை நாம் எல்லாக் கிராமங்களிலும் காண்கிறோம். இரண்டு வாய் சோறு உண்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. அல்லது உண்டபின் மணிக்கணக்காகப் பாரம். அல்லது மேல்வயிற்றில் நோவு, எரிவு. ஊரார் 'கஸ்ரைட்டிஸ்' என்பர். சோதனைக்குப் பின் வீட்டாரோ 'வீண் மனப்பிரமை' என்பர். இரண்டும் சரியன்று.

புண்ணோ கட்டியோ இன்றித் தொடரும் இச்சமிபாட்டுக் கோளாறு தனியொரு நோய். உணவு சேரும்போது இரைப்பை தளர்ந்து இடங்கொடாமை, மெதுவாக வெறுமையாதல், சாதாரண விரிவையும் அதன் நரம்புகள் நோவாக உணர்தல் என்பன இதில் காணப்படுகின்றன. கமராவுக்கு இவை தெரிவதில்லை.

ஆகவே வைத்தியர்கள் நோயாளி சொல்வதையே முதலில் அளந்து பார்க்கின்றனர். 2016இல் திருத்தப்பட்ட 'உரோமை அளவுகோல்'களின்படி மேற்சொன்ன நான்கு குறிகளில் ஒன்றாவது அன்றாட வேலையைக் குழப்புமளவுக்கு இருக்கவேண்டும். பாரமும் விரைவில் நிறைதலும் எனின் வாரத்தில் 3 நாட்களாவது; நோவும் எரிவும் எனின் 1 நாளாவது. தொடங்கி 6 மாதங்களாவது சென்றிருக்கவேண்டும். கடைசி 3 மாதங்களும் இவ்வாறே இருந்திருக்கவேண்டும். கலியாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் வரும் பொருமல் இதில் அடங்காது!

இவற்றோடு, காரணமாகக்கூடிய வேறு நோய் எதுவும் சோதனையில் அகப்படாதிருக்கவேண்டும். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். உடல் மெலிவு, கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்கக் கஷ்டம், குருதிச்சோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கடைக் குளிசையோடு காலங்கடத்தாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வேலை செய்யும்போது வந்து, ஓய்ந்திருக்க ஆறும் 'வாயு' இருதய நோயாகவும் இருக்கலாம். முழங்கால் நோவுக்கு எடுக்கும் குளிசையே இரைப்பையைப் புண்ணாக்கலாம். அதை வைத்தியருக்கு மறைக்கவேண்டாம். புண்ணுண்டாக்கும் ஹெலிகோபக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்; இருந்தால் அதற்குரிய மருந்துகள் உண்டு.

வேறொன்றும் இல்லையெனில், சிறிது சிறிதாகப் பல வேளை உண்பதும் அமிலத்தைக் குறைக்கும் குளிசையும் பலருக்கு உதவுகின்றன. அதற்கும் அடங்காவிடில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை ஒன்றைச் சிறு அளவில் வைத்தியர் எழுதுவதுண்டு. "என்னைப் பைத்தியம் என்கிறாரா?" என்று அதை எறிந்துவிடுவோர் இருக்கின்றனர். அக்குளிசை இங்கு கொடுக்கப்படுவது இரைப்பை நரம்புகளின் மிகையுணர்வைத் தணிப்பதற்கே. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும்.