டேங்க் மேல் பாப்பா... கையால் பிடித்தால் போதுமா? டூவீலரில் குழந்தைக்கு பெல்ட், ஹெல்மெட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சேலம்: காலை 8 மணி ஆனால் போதும். கொண்டலாம்பட்டி, ஐந்து ரோடு, ராசிபுரம், திருச்செங்கோடு என எந்த ரோட்டில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். அப்பா பைக் ஓட்ட, பெட்ரோல் டேங்க் மேல் பாப்பா. அம்மா ஸ்கூட்டர் ஓட்ட, முன்னால் நின்றபடி தம்பி. தறிக்குப் போகிறவர்கள், வெள்ளிப் பட்டறைக்குப் போகிறவர்கள், லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறவர்கள் என பலரும் குழந்தையை பாட்டி வீட்டிலோ, அங்கன்வாடியிலோ விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. "பக்கத்துலதானே போறோம், மெதுவாத்தானே ஓட்டறேன், புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பதுதான் கேட்டால் கிடைக்கும் பதில்.

ஆனால் இதற்கென்று தனி சட்டமே இருப்பது பலருக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 பிப்ரவரி 15-ந் தேதி ஒரு திருத்தம் வெளியிடப்பட்டது. இது ஓராண்டு கழித்து, 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது. இதன்படி 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை டூவீலரில் ஏற்றினால் 3 விஷயங்கள் கட்டாயம்.

1. குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட்.

2. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு, அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்.

3. வண்டியின் வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது.

4 வயதைத் தாண்டிவிட்டால் பெரியவர்களைப் போலவே குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஹெல்மெட் போடாவிட்டால் ரூ.1000 அபராதம்.

அது என்ன 40 கி.மீ. கணக்கு?

40 கி.மீ. வேகம் என்றால் வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் எதிலாவது மோதுவது, சுமார் 20 அடி உயரத்தில் இருந்து தரையில் விழுவதற்குச் சமம். 60 கி.மீ. என்றால் அது 46 அடி ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் அடி இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. லாரியும் ரிக் வண்டியும் பறக்கும் சேலம் - நாமக்கல் நான்கு வழிச்சாலையில் 40-ல் போவது கஷ்டம்தான். அதனால் குழந்தையோடு போகும்போது ஊருக்குள் போகும் ரோடு, சர்வீஸ் ரோடுதான் நல்லது.

ஒரு வயசுப் பிள்ளையின் எடை 9, 10 கிலோ இருக்கும். திடீரென பிரேக் அடிக்கும்போது ஓட்டுபவரின் இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருக்கும். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. டேங்க் மேல் உட்கார வைத்தால் இன்னும் ஆபத்து. மோதினால் முதல் அடி குழந்தைக்கு. பின்னால் இருந்து அப்பாவின் 60, 70 கிலோ எடையும் குழந்தை மேல்தான் வந்து அழுத்தும். ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் சுட்டிகள், இன்ஜின் ஓடும்போது விளையாட்டாக ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவதும் உண்டு.

வெளிநாடுகளில் குழந்தையை தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஜாகிங் போகிறார்கள். அதற்கென்றே பெரிய சக்கரம் வைத்த மூன்று சக்கர வண்டி விற்கிறது. மனிதன் ஓடும் வேகம்தான். அதற்கே இரண்டு தோள், இடுப்பின் இரண்டு பக்கம், கால் இடுக்கு என ஐந்து இடத்தில் குழந்தைக்கு பெல்ட் உண்டு. குறைந்தது 6 மாதம் ஆகி, கழுத்து நன்றாக நின்ற பிறகுதான் அதில் வைத்து ஓடலாம் என்று அங்கே டாக்டர்கள் சொல்கிறார்கள். நம்ம ஊரில் அதைவிட பல மடங்கு வேகத்தில், பெல்ட்டே இல்லாமல் போகிறோம்.

பெல்ட் வாங்கும்போது...

* பெல்ட் என்றாலும் இது பனியன் மாதிரி குழந்தையின் மேல் உடம்பு முழுக்கப் பிடிக்கும் வகையில் இருக்கணும். அதில் இருந்து வரும் பட்டைகளை ஓட்டுபவர் ஸ்கூல் பை போல இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்ளணும். இடுப்பில் மட்டும் சுற்றும் ஒற்றைப் பட்டை வேண்டாம். குழந்தை தூங்கினால் அதில் இருந்து நழுவிவிடும்.

* 30 கிலோ எடையைத் தாங்கணும் என்பது விதி. கனமான நைலான் துணி, உள்ளே பஞ்சு போல ஃபோம், நனைந்தாலும் கெடாத தன்மை இருக்கணும். பட்டையை கூட்டிக் குறைக்க வசதி வேண்டும்.

* தையலைப் பாருங்கள். பட்டை சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் இருந்தால் வாங்காதீர்கள். பக்கிள் 'கிளிக்' என்று பூட்டணும், இழுத்தால் கழலக்கூடாது.

* குழந்தைக்கு மாட்டி, கடையிலேயே பார்த்து வாங்குவது நல்லது. மாட்டிய பிறகு இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும்.

* துண்டு, துப்பட்டா வைத்துக் கட்டுவது பெல்ட் ஆகாது. முடிச்சு அவிழும். தொங்கும் நுனி சக்கரத்தில் சிக்கினால் பெரிய விபத்தாகிவிடும்.

ஹெல்மெட் எப்படி?

அப்பா ஹெல்மெட்டை பிள்ளை தலையில் கவிழ்த்தால் பிரயோஜனம் இல்லை. அது சுற்றும், கண்ணை மறைக்கும், அதன் எடையை பிஞ்சுக் கழுத்து தாங்காது. டெய்லர் டேப்பால் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். போட்டபின் தலையை ஆட்டச் சொன்னால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. புருவத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கணும். தாடைப் பட்டையில் ஒரு விரல் நுழைந்தால் சரி.

குட்டிக் குழந்தைகளுக்கு எடை குறைந்த சைக்கிள் ஹெல்மெட்டையும் இந்த விதி அனுமதிக்கிறது. ஆனால் அதில் ஏ.எஸ்.டி.எம். 1447, இ.என். 1080 போன்ற தரக் குறியீடு இருக்கணும். பொம்மைக் கடையில் விற்கும் கார்ட்டூன் ஹெல்மெட் விளையாடத்தான்.

இதையும் மறக்காதீங்க

பெல்ட் போட்டாச்சு என்று அசட்டையாக இருக்கக்கூடாது. பெல்ட், குழந்தை நழுவி விழாமல் தடுக்கும். வண்டியே சாய்ந்தால் குழந்தையும் சேர்ந்துதான் சாயும். அப்போது தலையைக் காப்பது ஹெல்மெட்தான். அதனால் இரண்டும் வேணும்.

பின்னால் உட்காரும் குழந்தையின் கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டாது. தொங்கும் கால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும், சைலன்சரில் பட்டால் சுட்டுவிடும். சேலை கார்டை கழற்றாமல் வைத்திருங்கள். குழந்தைக்கு ஷூ போட்டு விடுங்கள்.

அப்பா, அம்மா, குழந்தை என மூவரும் ஒரே வண்டியில் போவது சட்டப்படி டிரிபிள்ஸ்தான். குழந்தைக்கு மட்டும் சலுகை தர வேண்டும் என்று 2023-ல் கேரளாவில் இருந்து கோரிக்கை எழுந்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை.

9 மாதம் ஆகாத கைக்குழந்தையா? அந்த வயதில் பெல்ட் கட்டாயம், ஆனால் ஹெல்மெட் விதி கிடையாது. ஹெல்மெட்டைத் தாங்க கழுத்துக்கே வலு இல்லை என்றால், டூவீலர் பயணத்தையே தவிர்ப்பதுதான் நல்லது. தடுப்பூசி போட, ஆஸ்பத்திரிக்குக் காட்ட என்று கிளம்பினால் பஸ், ஆட்டோவில் போகலாம். அரசு பஸ்களில் 5 வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது குறிப்பிடத்தக்கது.