காதலை நம்புவது என்றால் எதை நம்புவது?

"அதெல்லாம் சினிமாவுல நடக்கும்யா, நெஜத்துல நடக்குமா?" என்று கேட்கிறவரே கொட்டகையில் காதலர்கள் சேர வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் வீட்டுப் பெண் வேறு சாதிப் பையனோடு பேசினால் அரிவாளைத் தேடுகிறவரும் அதே கொட்டகையில்தான் அழுகிறார். இதைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்த அழுகை பொய்யில்லை. காதல் கதைகள் நம்பிக்கையைப் புதுப்பிக்கின்றன என்று நாம் சொல்லும்போது, எதன் மீதான நம்பிக்கை என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

தொல்காப்பியம் அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்பதோடு சரி. ஊர் பேர் கிடையாது. அதனாலேயே கேட்கிற எவரும் அந்த இடத்தில் போய் நின்றுகொள்ள முடிகிறது. வீட்டை விட்டுப் போவதும் அங்கே 'உடன்போக்கு' என்று மரபாகவே இருக்கிறது. பெண்ணைத் தேடிப் பாலை வழியில் போகும் செவிலியிடம், எதிரே வருகிறவர்கள் 'இது உலக இயல்புதானம்மா, திரும்பிப் போ' என்று தேற்றுகிறார்கள். பெயரும் குலமும் தெரியாத இடத்தில் அந்தத் தேறுதல் சாத்தியமாகிறது.

தமிழ் சினிமா இந்தப் பெயரின்மையை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. பாத்திரங்களுக்குப் பெயர் வைத்தது, சாதியை மறைத்தது. 1996இல் வந்த 'காதல் கோட்டை'யில் இருவரும் முகம் பார்க்காமலே கடிதம் வழியாகக் காதலிக்கிறார்கள். முகமே பார்க்காத காதலில் சாதி பார்க்கும் தேவையும் எழவில்லை. வேறுபாட்டைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் பெரும்பாலும் மதம்தான் வந்து நின்றது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'பம்பாய்' (1995), 'காதலுக்கு மரியாதை' (1997) மூன்றிலும் அப்படித்தான். மதத்தைப் பேச முடிந்த திரை, சாதியை அபூர்வமாகவே பேசியது. பேசிய 'பாரதி கண்ணம்மா'வில் (1997) காதலர் இருவரும் உயிரோடு மிஞ்சவில்லை.

முதல் படத்தையும் மூன்றாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1981இல் பையன் பூணூலைக் கழற்றுகிறான், பெண் சிலுவையைக் கழற்றுகிறாள், இருவரும் ஊரை விட்டுப் போகிறார்கள். 1997இல் ஓடிப்போனவர்கள் பெற்றவர்களை நினைத்து அவரவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். அதன்பிறகு தாய்மார்கள் மனமிரங்கிச் சேர்த்து வைக்கிறார்கள். மரியாதை காதலுக்கு என்று தலைப்பு சொன்னாலும், படத்தில் மரியாதை கிடைத்தது குடும்பத்துக்கு. பார்வையாளர் புதுப்பித்துக்கொண்டு வீடு திரும்பியதும் குடும்பத்தின் கருணை மீதான நம்பிக்கையைத்தான். அரிவாளைத் தேடுகிறவர் அழுததன் ரகசியம் இங்கே இருக்கிறது. அந்தக் கதையில் அவர் வில்லன் ஆகவில்லை. மனது வைத்தால் காதலை வழங்கக்கூடிய வள்ளல் ஆகிவிட்டார். அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

பிறகு வந்த படங்கள் இந்த வள்ளலை நம்பவில்லை. உண்மைச் சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டதாகச் சொல்லப்பட்ட பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004), திரும்பி வந்தவர்களுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பதைக் காட்டியது. பையன் சித்தம் கலங்கித் தெருவில் திரிகிறான். நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான 'சைராட்' (2016) தப்பிப் போய்க் குடித்தனம் நடத்தியவர்களையும் சாதி தேடி வந்து கொல்வதைக் காட்டியது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) காதலைச் சொல்வதற்கே முன்னால் நின்றுவிடுகிறது. பெண்ணின் தகப்பனோடு சமமாக நின்று பேச முடிகிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கடைசியில் இரண்டு டீ கிளாஸ்களும் நடுவில் ஒரு பூவும் மிஞ்சுகின்றன. 'காதலே இல்லையேப்பா, இதுல என்ன நம்பிக்கை?' என்று கேட்கலாம். காதல் சாத்தியமாவதற்கான நிபந்தனை என்ன என்று சொல்வதும் நம்பிக்கையின் வேலைதான்.

இனித் தெருவுக்கு வருவோம். அகமரபு மறைத்த பெயரைச் செய்தித்தாள் திறந்து வைக்கிறது. கொலை நடந்த பிறகு முதலில் தெரியவருவது சாதி. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டுக்காயங்களோடு பிழைத்த மனைவி கௌசல்யா, சொந்தக் குடும்பத்துக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இடையில், 2018இல், கௌசல்யா மறுமணம் செய்துகொண்டார். அப்போது வசைபாடியவர்களில் அவருக்காக முன்பு கண்ணீர் விட்டவர்களும் இருந்தார்கள். திரை நமக்குப் பழக்கிய காதலி, மாலை போட்ட புகைப்படத்தின் முன் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். 'காதல் ஒருதடவைதான் வரும்' என்கிற வசனத்துக்கும், கைம்பெண்ணை மூலையில் உட்காரவைக்கிற வழக்கத்துக்கும் உள்ள உறவு அன்று வெளியே தெரிந்தது. மறுபடியும் ஒருவரை நம்ப முடிவெடுத்த பெண்ணைவிடக் காதல் மீது நம்பிக்கை வைத்தவர் யார்?

1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் கலப்பு மணத்தையே உண்மையான மருந்து என்றார். அதோடு நிற்கவில்லை. மக்கள் ஏன் கலந்து மணப்பதில்லை என்று கேட்டு, சாஸ்திரங்களின் புனிதத்தன்மை மீதான நம்பிக்கையைத் தகர்க்கச் சொன்னார். அதாவது காதல் மீதான நம்பிக்கை காலியிடத்தில் முளைப்பதில்லை. எதிரில் இன்னொரு நம்பிக்கை கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. 2011-12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான். அத்தனை காதல் படங்களுக்குப் பிறகும் இதுதான் கணக்கு.

அந்த ஐந்து பேருக்குத் தேவைப்படுவது நடைமுறைத் துணை. படங்களில் நண்பர்கள் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் அன்றைக்கே கையெழுத்துப் போடவைப்பார்கள். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு. துரத்தி வருகிறவர்களுக்கு அது முகவரி எழுதிக் கொடுப்பது மாதிரி. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தில் இந்த அறிவிப்பு இல்லை. உறவினரோ நண்பர்களோ வேறு ஆட்களோ முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும். இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அதன் எல்லை. அதற்கும் பகிரங்கச் சடங்கு தேவையில்லை, வழக்கறிஞர்களும் நண்பர்கள் என்ற முறையில் நடத்தி வைக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2018இல் அதே நீதிமன்றம், மாவட்டந்தோறும் இத்தகைய இணையருக்குச் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டிருந்தது. நம் மாவட்டத்தில் அவை எங்கே இருக்கின்றன, ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டால் யார் எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியுமா? அடுத்த காதல் படத்தைப் பற்றி எழுத உட்காருவதற்கு முன் அதை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.