கால்நடைப் பேணலில் ஆவியெண்ணெய்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'எசென்ஷியல் ஆயில்' எனப்படும் பொருள் தமிழில் பல இடங்களில் 'அத்தியாவசிய எண்ணெய்' என எழுதப்படுகின்றது. இங்கு 'எசென்ஷியல்' என்பது இன்றியமையாமையைக் குறிப்பதன்று. தாவரத்தின் சாரத்தைக் குறிப்பதாகும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த சிறு வழு என்று இதனை நாம் விட்டுவிட இயலாது. ஆடு மாடு வளர்ப்போரிடம் இச்சொல் சென்று சேரும்போது அதன் விளைவை வாயில்லா உயிர்களே ஏற்கின்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எள்ளின் நெய்யே எண்ணெய். வடமொழிவழி வந்த 'தைலம்' என்ற சொல்லும் எள்ளைக் குறிக்கும் 'தில' என்பதிலிருந்து பிறந்ததே. ஆக, இவ்விரு சொற்களும் வித்தை ஆட்டிப் பெறும் நெய்ப்பொருளையே முதலில் குறித்தன. பின்னர் யூக்கலிப்டசு இலையை வாலையில் வடித்துப் பெற்ற நீர்மமும் நீலகிரித் தைலம் எனப் பெயர் பெற்றது. இயல்பில் வேறுபட்ட இரு பொருள்கள் இவ்வாறு ஒரு பெயருக்குள் அடங்கின.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவை கொழுப்பாலானவை. தாளில் விழுந்தால் கறை நிலைத்து நிற்கும். இவற்றை நிலையெண்ணெய் எனலாம். வேப்பெண்ணெய்க்குக் கடுமணம் உண்டெனினும் அது ஆட்டிப் பெறப்படுவதால் இவ்வகையைச் சார்ந்ததே. மற்றொரு வகை, பெரும்பாலும் நீராவியால் வடிக்கப்படுவது. காற்றில் விரைந்து ஆவியாவது. கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல், மலாயில் 'செராய் வாங்கி' எனப்படும் சித்ரனெல்லாப் புல் முதலியவற்றின் எண்ணெய்கள் இதில் அடங்கும்.

இவற்றின் பயன் கற்பனையன்று. ஓம எண்ணெயிலுள்ள தைமால், ஓரிகானோவிலுள்ள கார்வக்ரால் ஆகியவை நுண்ணுயிரிகளின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கின்றன. தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணிக்குத் தைமால் மருந்தாகப் பயன்படுகின்றது. வளர்ச்சியூக்கியாக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்த பின்னர், கோழி, பன்றித் தீவனங்களில் இவ்வெண்ணெய்கள் மீதான நாட்டம் பெருகியது. எனினும், ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் கிட்டும் வெற்றி தொழுவத்தில் அவ்வாறே கிட்டுவதில்லை. செடியின் வகை, விளைந்த நிலம், அறுவடைப் பருவம் ஆகியவற்றுக்கேற்ப எண்ணெயின் கூறுகள் மாறுகின்றன. சித்ரனெல்லா ஈக்களை விரட்டும்; ஆனால் ஆவியாகிவிடுவதால் அதன் காவல் நெடுநேரம் நீடிப்பதில்லை.

பெயர் மயக்கம் தீங்காவது இங்கேதான். வேப்பெண்ணெயை மாட்டின் தோலில் தடவிப் பழகிய கை, அதே அளவில் கிராம்பெண்ணெயைத் தடவினால் தோல் வெந்துபோகும். ஆவியெண்ணெய் பல மடங்கு செறிவுடையது. பொதுவாக, நிலையெண்ணெய் நூறு பங்கிற்கு இது ஒன்று அல்லது இரண்டு பங்கே கலக்கப்படுகின்றது. மாடு தன் உடலை நக்கும். தாயின் மடியில் தடவியது கன்றின் வாய்க்குச் செல்லும். மணக்கூறுகள் பாலிலும் கலக்கக்கூடும். பண்ணைப் பூனையின் கல்லீரலோ இவற்றுட் பலவற்றைச் செரித்து வெளியேற்றும் திறன் குன்றியது. புழுவைத்த புண், மடிவீக்கம் போன்றவற்றுக்குக் கால்நடை மருத்துவரை நாடுவதே முறையாகும்.

'நறுமண எண்ணெய்' என்ற வழக்கும் உண்டு. ஆயின் செயற்கை மணமூட்டிய எண்ணெயையும் அது குறிப்பதால் தெளிவு போதாது. நீராவியால் பிறந்து ஆவியாகவே மறைவதால் 'ஆவியெண்ணெய்' என்பதே பொருத்தமெனக் கருதுகின்றோம். 'அத்தியாவசியம்' என்ற பெயர் பொருளைத் தேவையெனப் பரிந்துரைக்கின்றது. 'ஆவி' என்பதோ அதன் இயல்பைச் சொல்லி எச்சரிக்கின்றது. கலைச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சொல்லுக்குச் சொல் இணை தேடுவதோடு நில்லாது, பொருளின் தன்மையையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். அத்தெளிவு வகுப்பறையைக் கடந்து தொழுவம்வரை சென்று பயன் தரும்.