'எல்லாம் ஒறிஜினல்' என்றால் நம்பலாமா? பழைய கார் வாங்க முன் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. வரியோடு சேர்த்தால் புதிய கார் எங்களில் பலருக்கு எட்டாத விலை. பழைய காரைத்தான் தேடுகிறோம். நகையை அடகு வைத்தோ, வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசிலோ, லீசிங்கிலோ வாங்குகிறோம். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பத்துக்கு அந்தக் காசு இன்னொரு தடவை சேராது. ஆகவே, மெக்கானிக்குகளிடம் கேட்டும் கூட நின்று பார்த்தும் நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

மாற்றப்பட்ட பாகம் எல்லாமே மோசடி அல்ல. பிரேக் பாட், பில்டர், பற்றரி என்பவை தேய்ந்தால் மாற்ற வேண்டியவை. செசி, இயந்திரம், கதவு, கண்ணாடி, எயார்பாக் போன்றவை மாறியிருந்தால்தான் காரணம் கேட்க வேண்டும்.

இலக்கங்கள்: வாகனம் தொலைந்து புத்தகம் மட்டும் மிஞ்சியதையும், புத்தகம் தொலைந்து வாகனம் மிஞ்சியதையும் போர்க்காலத்தில் கண்டவர்கள் நாங்கள். புத்தகத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். செசி, இயந்திர இலக்கங்களை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அராவிய தடமோ வெல்டிங்கோ புதிய பெயின்ற்றோ இருந்தால் விலை பேச வேண்டாம். பல ஜப்பான் கார்களில் செசி இலக்கமே இயந்திர வகையையும் காட்டும். 'என்இசட்ஈ 121' என்று தொடங்கும் கொரோலாவில் 1500 சிசி 'என்இசட்' வகை இயந்திரம் இருக்க வேண்டும்.

கண்ணாடியும் ஆணிகளும்: எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் உள்ள தயாரிப்பாளர் குறியை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். கதவு, போனற் பிணைச்சல் ஆணிகளில் பெயின்ற் உரிந்திருந்தால் ஸ்பனர் பட்டிருக்கிறது. பட்டி தடித்துப் பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

சீற் பெல்ற்றும் எயார்பாக்கும்: பெல்ற்றை முழுவதும் இழுத்தால் அதன் லேபிளில் பெரும்பாலும் தயாரிப்புத் திகதி இருக்கும். காரைவிடப் புதியதென்றால் விபத்தைப் பற்றிக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் எயார்பாக் லைற் எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் குறையை மறைக்க அதைக் கழற்றியிருக்கலாம். விபத்து நேரத்தில் அந்த எயார்பாக்கை நம்ப முடியாது.

இவற்றைப் பகல் வெளிச்சத்தில், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குடன், முற்பணம் கொடுக்க முன்னரே பாருங்கள். பதிவு விவரத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்துங்கள். மாற்றிய பாகங்களை எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.