கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளும் எடைப் பயிற்சியும்



கோடையில் பெரியகுளம் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்தும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்து வரும் பிள்ளைகளுக்கு, தாமும் அப்படி எம்பி ஆட வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. உடனே ஜிம்முக்குப் போகக் கேட்பார்கள். 'எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்' என்று நாம் தடுப்போம். சொல்லாமல் போய் அளவுக்கு மீறித் தூக்கினால் முதுகும் முழங்காலும்தான் கெடும்.

பயிற்சியாளர் மேற்பார்வையில் அளவோடு செய்தால் வளர்ச்சி நிற்பதில்லை என்பதே குழந்தை மருத்துவர்களின் கருத்து. தவறான முறையும் அவசரமுமே ஆபத்து.

கூடை வளையத்தின் உயரம் 10 அடி. எம்புவதற்கும், இறங்கும்போது முழங்காலைக் காப்பதற்கும் தொடையிலும் இடுப்பிலும் பலம் வேண்டும். ஆட்டத்தில் ஓட்டமும் சிறு ஓய்வும் மாறி மாறி வரும். அதற்குப் பொருத்தமானது சர்க்யூட் பயிற்சி. 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது.

முதலில் 10 நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து எழுதல், தண்டால், படி ஏறி இறங்குதல், முழங்கையூன்றி உடலை நேராக நிறுத்துதல், குதிகால் உயர்த்துதல், ஸ்கிப்பிங் ஆகிய ஆறையும் வரிசையாகச் செய்யலாம். ஒவ்வொன்றும் 30 விநாடி; இடையில் 30 விநாடி ஓய்வு. ஒரு சுற்றுக்கு 6 நிமிடம்தான். இரண்டு சுற்றில் தொடங்கி மூன்றாக்கலாம். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூச்சை அடக்கக் கூடாது. உட்காரும்போதும் குதித்து இறங்கும்போதும் முழங்கால்கள் உள்பக்கம் சாயக் கூடாது.

இது சில வாரம் பழகிய பிறகே எடை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. அதுவே தொடக்கத்துக்குப் போதும். 12 முறை ஒழுங்காகத் தூக்க முடியாத எடை பிள்ளைக்கு அதிகம். வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முழங்கால் தசைநார்க் காயம் பெண் பிள்ளைகளுக்கே அதிகம் வருவதால் அவர்களுக்கும் இப்பயிற்சி அவசியம். வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பவுடர் டப்பாக்கள் வேண்டாம். முட்டை, பால், சுண்டல், நிலக்கடலை போதும். ரமலானில் நோன்பு திறந்து, உணவு செரித்த பிறகு செய்வது நல்லது.

தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் காயப்பட்ட முழங்காலோடு அதுவரை போக முடியாது. ஆகவே தடுப்பதை விட, பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் அழைத்துச் சென்று முறையாகக் கற்க வையுங்கள்.

உடல் நலம் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் நற்பாக்கியத்தை நம் பிள்ளைகளுக்கு அவன் அருள்வானாக. ஆமீன்.

செயலாளர்